ஓநாய் சொல்லும் கதையை எந்த வயதில் படித்துக் காட்டலாம்?

காட்பாடியில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. மகளுக்கு ஆறு வயது. மூன்று பன்றிக்குட்டிகள், சிவப்புத் தொப்பிக்காரி, சிண்ட்ரெல்லா எல்லாம் யூடியூப் புண்ணியத்தில் மனப்பாடம். "தெரிந்த கதையையே திருப்பிப் போட்டுச் சொல்லும் படப் புத்தகங்கள் இருக்கிறதாமே, எதை வாங்கலாம்? குழந்தை குழம்பிவிடாதா? தமிழில் கிடைக்குமா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். போனில் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் குடியாத்தம் பக்கம் தொடக்கப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் புத்தகம் படித்துக் காட்டுகிறேன். கீழே வரும் அபிப்பிராயங்களில் பாதி அந்தப் பிள்ளைகளுடையது.

குழம்புமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்த விளையாட்டு புதிதே இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரி ராத்திரி கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான், பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். அவன் சாவான் என்று தெரியாமல் அங்கே யாராவது போய் உட்காருகிறார்களா? கதை எல்லாருக்கும் அத்துப்படி. இன்றைக்குக் கட்டியக்காரன், அதாவது கூத்துக் கோமாளி, ராஜாவை என்ன சொல்லி மடக்கப்போகிறான் என்று பார்க்கத்தான் ஜனம் விடிய விடிய குந்தியிருக்கும். சில வருடம் முன்னால் செய்யாறு பக்கம் ஒரு கூத்தில் பார்த்தேன். ராஜா வேஷம் கிரீடமும் புஜக்கட்டையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டது. கட்டியக்காரன் உடனே, "மழை எங்க ராஜா? பாலாத்துல மணல் லாரிதான் மும்மூணா போய்க்கினு இருக்குது" என்றான். என் பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டிருந்த ஒரு பொடியன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். 'பொழிகிறது மகாராஜா' என்று பதில் வரவேண்டும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாவிட்டால் சிரிப்பு வந்திருக்காது.

ஆகவே நிபந்தனை ஒன்றுதான். நேர்க்கதை குழந்தையின் கைவசம் இருக்க வேண்டும். பார்த்திருந்தால் போதாது. "மூணு பன்றிக்குட்டி கதை எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். வரிசை தப்பாமல், ஓநாய் வீட்டை ஊதித் தள்ளுகிற இடத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு சொல்கிறாளா? அப்படியானால் தயார். திக்கித் திணறினால், நாலைந்து ராத்திரி நீங்களே வாயால் நேர்க்கதையைச் சொல்லுங்கள். திருப்பம் எங்கேயும் ஓடிப்போகாது.

வயது சரியான வயதுதான். நாலு வயது வரைக்கும் பிள்ளைகளுக்குத் தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்றே நினைப்பு. நாலு, ஐந்தில்தான் 'எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது' என்பது பிடிபடத் தொடங்கும். கதை சொல்கிறவனே புளுகலாம் என்பது அதற்கும் அப்புறம். ஓநாய் தன் வாயால் தன் கதையைச் சொல்லும்போது நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க அந்தப் படியைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்று வயதுத் தம்பியும் கூடவே உட்காருவான், உட்காரட்டும். அவன் படத்தைப் பார்ப்பான், அக்கா ஓநாயைப் பார்ப்பாள்.

ஓநாய் என்றதும் முதல் புத்தகம் வந்துவிட்டது. 'தி ட்ரூ ஸ்டோரி ஆஃப் தி த்ரீ லிட்டில் பிக்ஸ்'. ஜான் ஷெஸ்கா எழுத, லேன் ஸ்மித் படம் வரைந்து, 1989இல் அமெரிக்காவில் வந்தது. இன்றைக்கும் இந்த வகையில் யார் கேட்டாலும் நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஜெயிலில் இருக்கும் ஓநாய் தன் தரப்பைச் சொல்கிறது. பாட்டிக்குப் பிறந்தநாள் கேக் செய்துகொண்டிருந்தேன், சர்க்கரை தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் ஒரு கப் கேட்கப் போனேன், எனக்குச் சளி, தும்மினேன், வீடு விழுந்து பன்றி செத்தால் நான் என்ன செய்ய? இதுதான் வாக்குமூலம். அமெரிக்கப் புத்தகம் என்றாலும் நம் தெருவில் இது ஒரு நொடியில் ஒட்டிக்கொள்ளும். டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கிவர அனுப்பப்படாத பிள்ளை உண்டா?

இந்தப் புத்தகத்தில் கவனிக்க வேண்டியது படம். ஓநாய் பேசப் பேச எழுத்து அதற்காக வாதாடுகிறது. படம் காலை வாரிவிடுகிறது. நீங்கள் பர்கர் தின்பதில்லையா, அதுபோலத்தானே நான் குட்டிப் பிராணிகளைத் தின்பதும் என்று அது நியாயம் பேசும் பக்கத்தில் ஒரு பர்கர் படம் இருக்கும். உற்றுப் பார்த்தால் ரொட்டிக்கு நடுவில் காதும் வாலும் நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். பிள்ளைதான் விரலை வைத்து, "டீச்சர், வாலு!" என்று கத்தும். என் திண்ணையில் இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. "பாவம், சளி புடிச்சிருந்துச்சு" என்றது ஒன்று. "செத்த பன்னிய ஏன் துன்னுச்சு? போலீஸ்ல சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றது இன்னொன்று. நான் தீர்ப்பு சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கடைசிப் பக்கத்தில் தாடி வளர்ந்த ஓநாய் கம்பிக்குள் இருந்துகொண்டு நம்மிடமே ஒரு கப் சர்க்கரை கேட்கும். கொடுப்பாயா மாட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

இந்த மூன்று வீட்டுக் கதையில் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் இருந்த காலத்தில் இந்தக் கதையை நான் எப்படிச் சொல்வேன்? முதல் குட்டி சோம்பேறி, அதனால் வைக்கோலில் வீடு கட்டியது. இரண்டாவது அரைச் சோம்பேறி, குச்சியில் கட்டியது. மூன்றாவது உழைப்பாளி, செங்கல். நீதி: உழைத்தால் உயரலாம். வருடா வருடம் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நாங்க கீத்துக் கொட்டாய்லதான் இருக்கோம். எங்க தாத்தா காலைல குந்துனா பொழுது சாயிற வரைக்கும் கீத்து முடைவாரு. அவரு சோம்பேறியா?" என்று கேட்டது. வகுப்பு சிரிக்கவில்லை. பாதிப் பேருடைய வீடு அப்படித்தான். அவர்களில் இன்னும் நாலைந்து பேரின் அப்பா அம்மா பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள். நாள் முழுக்கச் செங்கல் அறுத்துவிட்டு ராத்திரி கீற்றுக்கு அடியில் படுப்பவர்கள். அவர்கள் பிள்ளைகளிடம் போய், செங்கல் வீட்டில் இருப்பவன்தான் உழைப்பாளி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாயடைத்துவிட்டது. ஏதோ சமாளித்து வாய்ப்பாட்டுக்குப் போனேன்.

அப்புறம் தேடிப் பார்த்தேன். ஜோசப் ஜேகப்ஸ் 1890இல் தொகுத்த ஆங்கிலக் கதைகளில் இந்தக் கதை இருக்கிறது. அதில் சோம்பேறி என்கிற பேச்சே இல்லை. தாய்ப் பன்றிக்குச் சோறு போடக் கதியில்லை, மூன்றையும் பிழைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறது. முதல் குட்டி வழியில் பார்த்த ஆளிடம் வைக்கோல் கட்டு இருந்தது, கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. அடுத்தது பார்த்த ஆளிடம் முட்செடிக் கட்டு. மூன்றாவது பார்த்த ஆளிடம் செங்கல். எதிரே வந்தது யார் என்பதுதான் வித்தியாசம்! முதல் இரண்டையும் ஓநாய் தின்றும்விடுகிறது. முதல் இரண்டு குட்டிகளும் குழலும் பிடிலும் வாசித்துக்கொண்டு வேலைக்கு டிமிக்கி கொடுப்பதும், உயிர் தப்பி அண்ணன் வீட்டுக்கு ஓடுவதும் 1933இல் வந்த டிஸ்னியின் கார்ட்டூனால் உலகம் முழுக்கப் பரவிய வடிவம். நான் பழைய நீதி என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு சினிமாக்காரர்கள் பூசிய சாயம்.

அதிலிருந்து திருப்பிச் சொல்லும் புத்தகம் எது கைக்கு வந்தாலும் ஒன்றைத்தான் பார்ப்பேன். பழைய கதை யாரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டதோ, அவரை இது கேட்கிறதா? கேட்டால் வாங்குவேன். நம் ஊரிலும் இதைச் செய்திருக்கிறார்கள். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' அதுதானே? ராமன் கால் பட்டு அகலிகை எழுந்தாள் என்று முடித்துவிட்ட இடத்தில், அப்புறம் அவள் எப்படி வாழ்ந்தாள், சீதையைத் தீக்குளிக்க வைத்ததைக் கேட்டபோது அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். குழந்தைக்கு அல்ல, தம்பிக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் சொல்கிறேன்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். மூன்று குட்டிக் கதையிலேயே இன்னும் இரண்டு உண்டு.

கிரேக்க எழுத்தாளர் யூஜின் ட்ரிவிசாஸ் எழுதி ஹெலன் ஆக்ஸன்பரி வரைந்தது 'தி த்ரீ லிட்டில் வுல்வ்ஸ் அண்ட் தி பிக் பேட் பிக்', 1993. குட்டிகள் ஓநாய்கள், வில்லன் பன்றி. இந்த மாற்றம் மட்டும் இருந்தால் யாரும் எழுதிவிடலாம். விசேஷம் என்னவென்றால் இவை தொடங்குவதே செங்கல் வீட்டில். பன்றி ஊதிப் பார்க்கும், விழாது. சம்மட்டி கொண்டுவரும். அடுத்து கான்கிரீட் வீடு. ரோடு உடைக்கிற டிரில் மிஷினோடு வரும். அடுத்து முள்கம்பி, இரும்புத் தகடு, பூட்டு மேல் பூட்டு. டைனமைட் வைத்துவிடும். ("ஜேசிபி கொண்டாந்திருந்தா ஒரே தட்டுல முடிஞ்சிருக்கும்" என்றான் எங்கள் தெரு மேஸ்திரியின் பேரன்.) கடைசியில் பூவால் வீடு கட்டுகின்றன. பன்றி மூச்சை இழுக்கிறது ஊதுவதற்கு, பூ வாசம் உள்ளே போகிறது, அதற்குப் பிறகு அதற்கு ஊத மனசே வரவில்லை. கேட்க உபதேசம் மாதிரி இருக்கும். ஆனால் படத்தில் அந்தப் பன்றியின் முகம் மாறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆக்ஸன்பரியின் நீர்வண்ணம் அப்படி.

இன்னொன்று டேவிட் வீஸ்னரின் 'தி த்ரீ பிக்ஸ்', 2001. அடுத்த வருடம் அமெரிக்காவில் படப் புத்தகத்துக்கான கால்டெகாட் பதக்கம் இதற்குத்தான். உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் கழித்துக் கொடுங்கள், இது கொஞ்சம் மூத்த பிள்ளைகளுக்கானது. ஓநாய் ஊதுகிற ஊதலில் முதல் குட்டி படத்தின் சட்டத்தை விட்டே வெளியே போய் விழுகிறது. எழுத்து பாட்டுக்கு 'ஓநாய் பன்றியைத் தின்றது' என்கிறது. படத்தில் ஓநாய் திருதிருவென்று விழிக்கிறது, தின்ன எதுவும் இல்லை. மூன்று குட்டிகளும் தங்கள் கதைப் பக்கத்தையே மடித்துக் காகித ராக்கெட் செய்து ஏறிப் பறக்கின்றன. அடுத்தடுத்து வெறும் வெள்ளைப் பக்கங்கள், மூலையில் ஒரு சின்ன ராக்கெட். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் வெள்ளைப் பக்கமா என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். அந்தப் பக்கத்தில்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள். குட்டிகள் வேறொரு கதைக்குள் நுழைந்து அங்கே சாகவிருந்த டிராகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகின்றன. கதைக்குள் இருக்கும்போது தட்டையாக வரைந்திருக்கும் குட்டி, வெளியே வந்ததும் மயிரும் தோலுமாக நிஜப் பன்றி போல ஆகிவிடும். இதை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

பன்றி பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "டீச்சர், பன்னி இல்லாம சொல்ல முடியுமா?" என்றார். அன்றைக்கு மூன்று ஆட்டுக்குட்டி ஆக்கினேன். கதை ஒரு இழை கூடக் கெடவில்லை. சொல்லப்போனால் ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் என்று ஒரு கதை கிரிம் சகோதரர்களின் 1812 தொகுப்பிலேயே இருக்கிறது. ஓநாய் குரலை மிருதுவாக்கிக்கொண்டு, காலில் மாவைப் பூசிக்கொண்டு, 'அம்மா வந்திருக்கிறேன், கதவைத் திற' என்று வரும். அந்த ஓநாய் சீனாவிலும் உண்டு. எட் யங் வரைந்து எழுதிய 'லான் போ போ', 1989, இதுவும் கால்டெகாட் பதக்கம் வாங்கியது. அம்மா வெளியே போன ராத்திரி ஓநாய் பாட்டி வேஷத்தில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மூன்று அக்கா தங்கைகள் அதைக் கொட்டை பறிக்கலாம் வா என்று ஆசை காட்டி மரத்தடிக்குக் கூட்டிப்போய், கூடையில் உட்காரவைத்து மேலே இழுத்துக் கீழே விடுகிறார்கள். சிவப்புத் தொப்பிக்காரி கதையில் வேட்டைக்காரர் வந்தால்தான் விடிவு. இங்கே யாரும் வரவில்லை. இது யாரோ நவீனமாகத் திருப்பியது என்று நினைத்துவிட வேண்டாம், அந்த ஊரின் பழைய கதையே அப்படி. பிரான்சில் பெரோ 1697இல் அச்சிட்டதில் ஓநாய் அந்தப் பெண்ணைத் தின்பதோடு கதை முடிந்துவிடும், வேட்டைக்காரரும் கிடையாது. கிரிம் கதையில்தான் அவர் கத்தரியோடு வருகிறார். 'லான் போ போ'வின் படங்கள் கொஞ்சம் இருட்டாக, ஓநாயின் கண் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குப் பகலில் காட்டுங்கள்.

இளவரசி கதைகளில் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும் என்பேன். கனடாவில் 1980இல் வந்த 'தி பேப்பர் பேக் பிரின்சஸ்'. எழுதியவர் ராபர்ட் மன்ஷ், படம் மைக்கேல் மார்ட்செங்கோ. குழந்தைகள் காப்பகத்தில் டிராகன் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் அவர் மனைவி, ஒரு தடவையாவது இளவரசி போய் இளவரசனைக் காப்பாற்றக் கூடாதா என்று கேட்டாராம். டிராகன் அரண்மனையைக் கொளுத்தி இளவரசனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இளவரசியின் துணிமணியெல்லாம் சாம்பல். மிச்சம் இருந்த ஒரு காகிதப் பையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். கத்தி கிடையாது. 'ஒரே மூச்சில் பத்துக் காடு எரிப்பீங்களாமே, நிஜமா?' என்று டிராகனை ஏற்றிவிடுகிறாள். அது எரித்து எரித்து, பறந்து பறந்து, களைத்துத் தூங்கிவிடுகிறது. "நரி காக்காவ பாட்டு பாடச் சொல்லுச்சே, அதே மாதிரி!" என்று ஒரு பையன் சொன்னான். நான் அதுவரை அதை யோசித்ததில்லை. அப்புறம் இளவரசன் அவள் அழுக்கையும் பையையும் பார்த்து முகம் சுளிக்கிறான். கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தில் அவள் சூரியனைப் பார்த்துக் குதித்துக்கொண்டு போவாள்.

'தி ஜாலி போஸ்ட்மேன்' என்று ஒன்று. ஜேனட், ஆலன் ஆல்பர்க் தம்பதி, 1986. தபால்காரர் ஒவ்வொரு கதை வீட்டுக்கும் போவார். புத்தகத்தின் பக்கங்களே உறைகள், உள்ளே நிஜமாகவே எடுத்துப் படிக்கக் கடிதம் இருக்கும். கரடி வீட்டில் நுழைந்து கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடிய தங்கமுடிச் சிறுமி மூன்று கரடிகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பாள். ஓநாய்க்கு வக்கீல் நோட்டீஸ். அருமையான புத்தகம், ஆனால் பொது இடத்தில் வைத்தால் ஒரு மாதத்தில் உறை மட்டும்தான் மிஞ்சும். என் காப்பியில் வக்கீல் நோட்டீஸ் போய் நாளாகிறது. வீட்டில் ஒரே பிள்ளை என்றால் வாங்கலாம்.

அந்தக் கரடிக் கதையும் சுத்த ஆதிக் கதை இல்லை. ராபர்ட் சதே 1837இல் அச்சில் கொண்டுவந்தபோது கரடி வீட்டில் நுழைந்தது தங்கமுடிச் சிறுமி அல்ல, வாய்த்துடுக்கு மிக்க ஒரு கிழவி. பிறகு வந்தவர்கள்தான் சிறுமியாக்கினார்கள். ஆகவே யாராவது உங்களிடம் மூலக்கதையைக் கெடுக்கிறீர்களே என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்தக் கதையை நான் ஜவ்வாது மலைக் கரடியாக்கி, மூன்று சட்டியில் ஆடிக் கூழ் வைத்துச் சொல்வேன். கூழ் ஆறுவதற்குள் அவை மூன்றும் வெளியே ஏன் போயின என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. கூழுக்கு அப்படித்தான், ஆறினால்தான் ருசி.

வாங்க வேண்டாதவை பற்றியும் சொல்ல வேண்டுமே. சிண்ட்ரெல்லா கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு 'நவீன சிண்ட்ரெல்லா' என்று விற்பது ஒரு ரகம். வேறு எதுவும் மாறியிருக்காது. ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்கி, அத்தோடு வேலை முடிந்தது என்று விடுவது இன்னொன்று. எனக்கு அதிகம் எரிச்சல் வருவது மூன்றாவது ரகத்தில். பழைய நீதியைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் இன்னும் பெரிய எழுத்தில் புதிய நீதியை மாட்டியிருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் பாத்திரங்கள் நின்று தன்னம்பிக்கைச் சொற்பொழிவு ஆற்றும். என் பிள்ளைகள் அந்த மாதிரிப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்திலேயே எதிர் வீட்டுக் கோழியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கடையில் நின்று சோதிக்க ஒரு வழி உண்டு. எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். படமும் தனியாக ஏதோ சொல்கிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பதையே படமும் திருப்பிச் சொல்கிறதென்றால் வைத்துவிடுங்கள்.

தமிழில் கிடைக்குமா என்பதற்கு வருகிறேன். மேலே சொன்னவற்றை நான் ஆங்கிலத்தில் கையில் வைத்துக்கொண்டு தமிழில்தான் சொல்கிறேன். வரிக்கு வரி மொழிபெயர்ப்பதில்லை. படத்தைக் காட்டி, நம் பேச்சில், நம் வேகத்தில். பிள்ளைக்கு ஒரு குறையும் தெரியாது. விலைதான் கையைக் கடிக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்காமல் வருடத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய புத்தகமாகக் கிடைத்தாலும் விடாதீர்கள். தமிழிலேயே வேண்டுமென்றால், 1996 முதல் இயங்கும் சென்னை தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. நாட்டுப்புறக் கதைகளை மாற்றிச் சொன்னவையும் அதில் உண்டு. காசே வேண்டாம் என்றால் பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. தமிழில் ஏராளமான கதைகள், இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அவற்றை மாற்றி எழுதவும் அவர்களே உரிமம் தந்திருக்கிறார்கள். படத்தை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் உங்கள் மகள் மாற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் அரசின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற புத்தகங்களையும் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சின்னச் சின்ன நூல்கள், வாய்விட்டுப் படிக்கச் சுகமாக இருக்கும்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் இந்த வாரமே நீங்கள் தொடங்க ஒரு கதை வீட்டில் இருக்கிறது. ஆயா வடை சுட்ட கதை. அதற்குத் தமிழ்நாட்டில் திருப்பம் சொல்லாத ஆளே கிடையாது. நரி பாடச் சொன்னதும் காக்கா வடையைக் காலில் மிதித்துக்கொண்டு பாடிய கதை எல்லாருக்கும் தெரியும். குல்லாய் வியாபாரி கதையில், வியாபாரியின் பேரன் குல்லாயைக் கழற்றி எறிய, குரங்கு அதையும் எடுத்துக்கொண்டு 'உனக்கு மட்டும்தான் தாத்தாவா?' என்று கேட்டதும் அப்படித்தான். இவற்றை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வாய்க்கு வாய் வந்தவை. குழந்தை காலில் மிதித்த கதையைச் சொல்லி முடித்ததும், "சரி, இன்னும் யாரு இருக்காங்க கதையில?" என்று கேளுங்கள். அவ்வளவுதான் கேள்வி.

போன மழைக்காலத்தில் நான் இதைக் கேட்டபோது காக்காவின் குஞ்சு, மரம், வாணலி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு பெண், எட்டு வயது இருக்கும், அவள் ஆயா பஸ் ஸ்டாண்டு ஓரம் தள்ளுவண்டியில் வடை போடுகிறவர். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆயாவுக்கு ஒரு வடை நஷ்டம் டீச்சர். அதப் பத்தி யாருமே பேசல" என்றாள். பிறகு நோட்டில் வரைந்து காட்டினாள். முதல் பக்கத்தில் தட்டில் பத்து வடை. இரண்டாம் பக்கத்தில் ஒன்பது, பக்கத்தில் ஆயா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் ஒரு ஆள் பத்து வடை கேட்டு நிற்கிறான். நாலாம் பக்கத்தில் ஆயா மறுபடி மாவு கரைக்கிறார். காக்காவும் நரியும் எங்கே என்று கேட்டேன். மூலையில் பொட்டு மாதிரி இரண்டு வரைந்திருந்தாள். "அதுங்க சண்ட போட்டுக்கினு இருக்குதுங்க, நமக்கு வேல கெடக்கு" என்றாள்.

உங்கள் மகளுக்கும் இரண்டு ஏ4 தாளைப் பாதியாக மடித்துக் கொடுங்கள், எட்டுப் பக்கம் ஆகும். முதலில் படம், பிறகு எழுத்து. எழுத வராவிட்டால் அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே. 'துன்னுச்சு' என்றால் துன்னுச்சுதான், 'தின்றது' ஆக்காதீர்கள். மடிப்பில் ஸ்டேப்ளர் அடிப்பதை மட்டும் நீங்கள் செய்யுங்கள், முள் சரியாக மடங்கியிருக்கிறதா என்று விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுங்கள்.